காட்மியம் எங்கே போனது?

கேள்வி:

"நான் கடல் உயிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. ஆய்வேட்டுக்காக மஸல் வகைச் சிப்பிகளை நான்கு தொட்டிகளில் வைத்தேன். ஒன்றில் வெறும் கடல்நீர். ஒன்றில் காட்மியம் என்ற நச்சு உலோகம் மட்டும். ஒன்றில் டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள் மட்டும். கடைசித் தொட்டியில் இரண்டும். காட்மியமும் துகளும் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் வீதம். நான்கு நாள் கழித்து அறுத்துப் பார்த்தேன். இரண்டும் கலந்த தொட்டிச் சிப்பிகளின் செவுளில், காட்மியம் மட்டும் இருந்த தொட்டியைவிடக் குறைவாகவே காட்மியம் இருந்தது. செரிமானச் சுரப்பியில் மட்டும் சற்றுக் கூடுதல். 'நானோ துகள் சிப்பியை உலோக நச்சிலிருந்து காக்கிறது' என்று முடிவுரை எழுதலாம் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். கட்டுரைகளைப் புரட்டினால் சிலவற்றில் நச்சு கூடுகிறது, சிலவற்றில் குறைகிறது, சிலவற்றில் மாற்றமே இல்லை. எதை நம்புவது? இன்னொன்று, என் ஆய்வைப் பற்றிக் கேட்டதிலிருந்து வீட்டில் சிப்பி சாப்பிடவே தயங்குகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?"

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

அந்த முடிவுரையை எழுதிவிடாதீர்கள். உங்கள் கையில் அதைவிட நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரே சிப்பியின் இரண்டு உறுப்புகள் இரண்டு விதமாகப் பேசுகின்றன. செவுளில் குறைவு, செரிமானச் சுரப்பியில் கூடுதல். அப்படியென்றால் காட்மியம் உள்ளே போகும் வழி மாறியிருக்கலாம். வழி மாறுவது வேறு, வரத்து குறைவது வேறு. காட்மியம் ஒரு தனிமம். அது அழுகாது, சிதையாது, காற்றில் கரைந்து போகாது. நீங்கள் அளந்து விட்ட காட்மியம் முழுவதும் தொட்டியில் எங்கோ இருக்கிறது, அல்லது நீங்கள் மாற்றிய நீரோடு வெளியே போயிருக்கிறது. செவுளில் குறைந்த பங்கு எங்கே போனது என்று சொல்ல முடிகிற வரைக்கும் 'காக்கிறது' என்ற சொல்லுக்கு ஆதாரம் கிடையாது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கட்டுரைகள் ஏன் முரண்படுகின்றன, எதை நம்புவது என்ற உங்கள் கேள்விக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

சிப்பிக்குள் உலோகம் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. நீரில் கரைந்திருக்கும் உலோகம் பெரும்பாலும் செவுள் வழியாக நுழைகிறது. துகளில் ஒட்டியிருக்கும் உலோகம் உணவோடு வாய்க்கும் குடலுக்கும் போய், செரிமானச் சுரப்பியில் இறங்குகிறது. நன்றாகத் திறந்து நீர் இறைக்கும் ஒரு சிப்பி மணிக்கு ஓரிரண்டு லிட்டர் நீரைச் செவுள் வழியே தள்ளும். மூச்சும் உணவும் ஒரே நீரோட்டத்தில் வருவதால் எந்த மாசும் அதற்கு இருமுறை அறிமுகமாகிறது, ஒரு முறை கரைசலாக, ஒரு முறை இரையாக. நானோ துகள் வந்து சேரும்போது இந்த இரண்டு வாசல்களுக்கும் இடையிலான பங்கீடுதான் முதலில் கலைகிறது.

நானோ என்றால் 1 முதல் 100 நானோமீட்டர் வரை என்று படித்திருப்பீர்கள். ஆனால் உங்கள் புட்டியில் எழுதியிருக்கும் அளவு கடல்நீரில் நிலைக்காது. கடல்நீரின் உப்பு, துகள்கள் ஒன்றையொன்று விலக்கிவைக்கும் மின்சுமையை மழுங்கடித்துவிடுகிறது. சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் அவை திரண்டு, மைக்ரோமீட்டர் கணக்கில் பெரிய திரள்களாகிப் படியத் தொடங்கும். நீரிலுள்ள கரிமப் பொருள்களும் பாசிகள் சுரக்கும் பசையும் அவற்றின் மேல் போர்வையாகப் படியும். ஆகவே உங்கள் சிப்பி சந்தித்தது தனி நானோ துகளை அல்ல, பசை பூசிய ஒரு திரளை. இது ஏன் முக்கியம்? சிப்பியின் செவுள் 4 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களை ஏறக்குறைய முழுவதுமாகப் பிடித்துவிடும். அதற்குக் கீழே போகப் போக பிடிப்புத் திறன் சரியும். தனி நானோ துகள் நீரோடு நழுவிப் போய்விடக்கூடியது. திரண்டால் மாட்டிக்கொள்ளும்.

2009இல் வார்ட், காக் என்ற இருவர் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். 100 நானோமீட்டர் பாலிஸ்டைரின் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) மணிகளைத் தனியாகக் கொடுத்தபோது மஸலும் ஆய்ஸ்டர் என்ற இன்னொரு சிப்பி வகையும் எடுத்துக்கொண்டதைவிட, அதே மணிகளைக் கடல்பனி எனப்படும் கரிமத் திரளில் பொதித்துக் கொடுத்தபோது எடுத்துக்கொண்டது கணிசமாக அதிகம். 'திரண்டுவிட்டால் நானோ ஆபத்து தீர்ந்தது' என்று ஒரு காலத்தில் நினைத்தவர்களில் நானும் உண்டு. நீரில் நீந்தும் உயிருக்கு அது ஓரளவு பொருந்தலாம். வடிகட்டி உண்ணும் உயிருக்குத் திரள்தான் இரை.

இனி காட்மியத்துக்கு வருவோம். டைட்டானியம் டை ஆக்சைடு நானோ தூள் ஒரு கிராமுக்குச் சுமார் 50 சதுர மீட்டர் பரப்பு கொண்டது. கடல்நீரின் காரத்தன்மையில், அதாவது pH 8ஐ ஒட்டி, அந்தப் பரப்பு எதிர்மின்சுமை ஏற்றிருக்கும். நேர்மின் அயனியான காட்மியம் போய் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். நன்னீரில் அப்படித்தான் ஒட்டுகிறது. கடல்நீரில் இரண்டு தடைகள். ஒன்று, குளோரைடு காட்மியத்தைக் கட்டிவைத்துக்கொள்கிறது. முழு உப்புத்தன்மையுள்ள கடல்நீரில் கரைந்த காட்மியத்தில் 100க்கு ஏறக்குறைய 3 பங்குதான் தனி அயனியாக அலைகிறது. மற்றொன்று, கால்சியமும் மக்னீசியமும் பெருந்திரளாக நின்று துகளின் பரப்பில் இடம் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே கடலில் காட்மியம் இந்தத் துகளில் ஒட்டுவது நன்னீரைவிடக் குறைவு. ஈயமும் தாமிரமும் அப்படியில்லை, அவை கடல்நீரிலும் ஆக்சைடு பரப்புகளை நன்றாகப் பற்றிக்கொள்ளும். நீங்கள் காட்மியத்துக்குப் பதிலாக ஈயத்தை எடுத்திருந்தால் முடிவு முற்றிலும் வேறாக வந்திருக்கலாம்.

கட்டுரைகள் முரண்படுவதற்கு இதுவே பெரிய காரணம். 2007இல் வெளிவந்த ஒரு நன்னீர் ஆய்வில், டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள் கலந்த நீரில் 25 நாள் இருந்த கெண்டை மீன்களின் உடலில் காட்மியம், துகள் இல்லாத நீரில் இருந்தவற்றைவிட 146 சதவீதம் கூடியது. 2014இல் மத்தியதரைக் கடல் மஸலில், ஏறக்குறைய உங்கள் சோதனையைப் போலவே நான்கு நாள் நடந்த ஆய்வில், இரண்டும் சேர்ந்தபோது சில உயிர்க் குறிகாட்டிகள் மாறின, ஆனால் நச்சுத்தன்மை கூடவில்லை. இரண்டுமே கவனமாகச் செய்யப்பட்ட வேலைகள். ஒன்று நன்னீர், மற்றொன்று உப்புநீர். ஒன்று மீன், மற்றொன்று சிப்பி. ஒன்றில் 25 நாள், மற்றொன்றில் 4 நாள். 'எதை நம்புவது' என்று கேட்டீர்கள். இரண்டையும் நம்புங்கள். ஒவ்வொன்றையும் அதனதன் நீரோடு, அதனதன் நாள்கணக்கோடு சேர்த்து நம்புங்கள். கட்டுரை படிக்கும்போது சுருக்கத்தை விட்டுவிட்டு முதலில் செய்முறைப் பகுதிக்குப் போய் உப்புத்தன்மை, இயற்கைக் கடல்நீரா செயற்கையா, எத்தனை நாள், துகளின் அளவைக் கடல்நீரிலேயே அளந்தார்களா என்ற நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முரண் என்று தெரிந்தவற்றில் பாதி அந்தத் தாளிலேயே அவிழ்ந்துவிடும்.

உங்கள் முடிவுக்கு என்னால் யோசிக்க முடிகிற விளக்கங்கள் மூன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருக்கின்றன.

முதலாவது, காட்மியத்தில் ஒரு பங்கு துகளில் ஒட்டி, துகள் திரண்டு, திரளைச் சிப்பி விழுங்கியது. செவுளுக்குக் கரைசல் குறைந்தது, சுரப்பிக்கு வந்து சேர்ந்தது. இதைத்தான் சிலர் ட்ரோஜன் குதிரை விளைவு என்கிறார்கள். மரக்குதிரைக்குள் வீரர்கள் ஒளிந்து கோட்டைக்குள் போனது போல, துகளின் முதுகில் ஏறி உலோகம் செல்லுக்குள் போவது. செல் துகளை விழுங்கி, தன் செரிமானப் பையான லைசோசோமுக்கு அனுப்பும். அங்கே அமிலத்தன்மை அதிகம், pH 5க்கும் கீழே இறங்கலாம். வெளியே துகளை இறுகப் பற்றியிருந்த உலோகம் அங்கே கழன்றுகொள்ளும். செவுளின் வழியாக அயனி அயனியாகக் கசிந்திருக்க வேண்டியது, செல்லின் நடுவே மொத்தமாக இறக்கிவைக்கப்படுகிறது. இது நடந்திருந்தால் உங்கள் தலைப்பு 'காக்கிறது' என்பதற்கு நேரெதிராக இருக்கும்.

இரண்டாவது, சிப்பி வாயை மூடிக்கொண்டது. துகள் மிகுந்த நீர் வந்தால் சிப்பி தன் இரு ஓடுகளையும் மூடும், அல்லது நீர் இறைப்பதைக் குறைக்கும். இறைத்த நீர் குறைவென்றால் செவுள் கண்ட காட்மியமும் குறைவு. இதில் துகள் எதையும் காக்கவில்லை, சிப்பி மூச்சைக் குறைத்துக்கொண்டு தன்னைக் காத்துக்கொண்டது. நான்கு நாள் அப்படி இருக்கலாம். நான்கு வாரம் இருந்தால் இளைத்துப்போகும், விந்தும் முட்டையும் உருவாக வேண்டிய சக்தி கரையும். இதைச் சோதிப்பது எளிது. எண்ணிக்கை தெரிந்த பாசிச் செல்களைத் தொட்டியில் விட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை குறைகிறது என்று எண்ணுங்கள். வடிகட்டும் வேகம் கையில் கிடைத்துவிடும். நான்கு தொட்டிகளிலும் இந்த வேகத்தைப் பார்க்காமல் திசு அளவுகளை ஒப்பிடுவது, யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று கேட்காமலே எடையை ஒப்பிடுவது போன்றது.

மூன்றாவது விளக்கத்தைத்தான் மாணவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். சுரப்பியில் கூடுதலாகத் தெரிந்த காட்மியம் சுரப்பிக்குள் போகவே இல்லாமல் இருக்கலாம். சிப்பியை எடுத்த உடனே அறுத்தீர்கள் என்றால், குடலிலும் சுரப்பியின் நுண்குழாய்களிலும் செரிக்காத திரள் இன்னும் கிடக்கும். அதையும் சேர்த்துத்தான் கரைத்து அளந்திருப்பீர்கள். அது உடலுக்குள் சேர்ந்தது ஆகாது, வெளியேறக் காத்திருந்த சரக்கு. உயிரோடு மீதமிருக்கும் சிப்பிகளைத் தூய கடல்நீரில் ஒரு நாள் விட்டுவைத்து, குடல் காலியான பிறகு அறுத்துப் பாருங்கள். கூடுதல் அப்படியே நின்றால் அது திசுவில் சேர்ந்தது. மறைந்தால், உங்கள் எண் குடலின் எண்.

இதோடு சிப்பியின் இன்னொரு வழக்கத்தையும் கணக்கில் வையுங்கள். வேண்டாத துகளை அது விழுங்காமலே சளியில் சுருட்டி வெளியே தள்ளும். போலிக்கழிவு என்று இதைச் சொல்கிறோம். தொட்டியின் அடியில் நூல்நூலாகக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள், குழாய் வைத்து உறிஞ்சிக் கொட்டியும் இருப்பீர்கள். அதை அளந்தீர்களா? சீரியம் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைச் சிப்பிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் உலோகம் மிகச் செறிவாக இருந்தது இந்தக் கழிவில்தான். கடலில் இது கடலடி வண்டலுக்குப் போகிறது. அங்கே வாழும் மட்டிக்கும் புழுவுக்கும் அது உணவு. மேலே தொங்கும் மஸலுக்கு 'குறைந்த' காட்மியம் கீழே புதைந்திருக்கும் மட்டியின் பங்கில் ஏறியிருக்கலாம். கடலடியைத் தொட்டிக்குள் கொண்டுவராத எந்தச் சோதனையும் இதைக் காட்டாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஓர் ஐந்தொகை. விட்ட காட்மியம் எவ்வளவு. நீரில் மீதம் எவ்வளவு, திசுவில் எவ்வளவு, ஓட்டில் எவ்வளவு, கழிவிலும் போலிக்கழிவிலும் எவ்வளவு, கண்ணாடிச் சுவரில் ஒட்டியது எவ்வளவு, மாற்றிய நீரில் போனது எவ்வளவு. கூட்டினால் விட்டதற்குக் கிட்டத்தட்ட வரவேண்டும். என் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு பருவம் முழுவதும் 'விட்ட அளவை'யே 'இருந்த அளவு' என்று எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு நீரை அளந்தபோதுதான் முதல் நாளிலேயே பெரும்பகுதி சுவரிலும் அடியிலும் போய்விட்டது தெரிந்தது. அந்தப் பருவத்தின் எண்கள் எதையும் நான் வெளியிடவில்லை. உங்களுக்கு அந்த இழப்பு நேர வேண்டாம்.

நீரை அளக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் இறங்கியதைக் 'கரைந்த உலோகம்' என்று சொல்வது நெடுங்கால வழக்கம். 0.45 மைக்ரோமீட்டர் என்றால் 450 நானோமீட்டர். திரளாத நானோ துகள் தன் முதுகிலுள்ள காட்மியத்தோடு அதில் தாராளமாக இறங்கிவிடும். நீங்கள் அதையும் கரைசல் என்று எழுதிவிடுவீர்கள். நுண்வடிப்புச் சவ்வோ அதிவேக மையவிலக்கோ கிடைத்தால் மட்டுமே உண்மையான கரைசலைப் பிரிக்க முடியும். டைட்டானியத்தை அளந்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். நைட்ரிக் அமிலம் மட்டும் டைட்டானியம் டை ஆக்சைடை முழுதாகக் கரைக்காது. திசுவில் துகள் குறைவு என்று உங்கள் எண் சொன்னால், அது கரையாமல் தங்கியதாகவும் இருக்கலாம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கரைக்கும், ஆனால் அது எலும்புவரை ஊடுருவிக் கொல்லக்கூடியது. முறையான பயிற்சியும் ஏற்பாடும் உள்ள ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்புங்கள், நீங்களாக அதைத் தொடாதீர்கள்.

தொட்டிகளின் எண்ணிக்கை குறித்தும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரே தொட்டி என்றால், அதற்குள் 20 சிப்பி இருந்தாலும் புள்ளியியல் கண்ணுக்கு அது ஒற்றை மாதிரியாகத்தான் எண்ணப்படும். அந்தத் தொட்டியின் காற்றுக்குழாய் சற்று மெதுவாக ஓடியிருந்தால்கூட உங்கள் வித்தியாசம் முழுவதும் அதிலிருந்தே வந்திருக்கலாம். நிலைக்கு மூன்று தொட்டியாவது வேண்டும். முடிந்தால் ஐந்தாவது நிலையாக நானோ அல்லாத பெரிய டைட்டானியம் டை ஆக்சைடு தூளையும் காட்மியத்தோடு சேர்த்துப் பாருங்கள். அதுவும் இதே விளைவைத் தந்தால், நீங்கள் கண்டது நானோவின் தன்மை இல்லை, தூசியின் தன்மை.

டைட்டானியத்தை மட்டும் பார்த்துவிட்டு நானோ பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவிதி சொல்லிவிடக் கூடாது. டைட்டானியம் டை ஆக்சைடு கடல்நீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம், அது சுமைதூக்கி. துத்தநாக ஆக்சைடு, தாமிர ஆக்சைடு, வெள்ளி ஆகியவை கரையும், அவையே உலோக மூலம். அவற்றோடு காட்மியம் சேர்ந்தால் கணக்கு வேறு மாதிரி ஓடும். சிப்பியின் செல்லில் மெட்டல்லோதயோனின் என்ற சிறு புரதம் உண்டு. கந்தகம் நிறைந்தது, காட்மியத்தையும் துத்தநாகத்தையும் தாமிரத்தையும் கவ்விப் பிடித்து முடக்கும். முதன்முதலில் 1957இல் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டெடுக்கப்பட்டது. துத்தநாகம் முன்பே வந்து இந்தப் புரதத்தைப் பெருக வைத்திருந்தால், பின்னால் வரும் காட்மியம் ஓரளவு முடங்கும். நச்சு 'குறைந்தது' போலத் தெரியும். ஆனால் புரதம் செய்யச் சக்தி வேண்டும். தாமிரம் வந்தாலோ, அது தானே எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கிளப்பிவிட்டுச் செல்சவ்வின் கொழுப்பைச் சிதைக்கும். அந்தச் சிதைவைத் தடுக்க வேண்டிய குளுட்டாதயோன் என்ற செல்லின் காப்புப் பொருளைக் காட்மியம் கவ்விக்கொள்ளும். ஒருவர் தீ வைக்க, மற்றவர் தண்ணீர்க் குடத்தைப் பறிப்பது போல. இங்கே இரண்டும் சேர்ந்தால் கூட்டுத்தொகையைவிட மோசமாகலாம்.

கூட்டுத்தொகை என்றதும் நினைவுக்கு வருகிறது. 1939இல் புள்ளியியலாளர் செஸ்டர் பிளிஸ் கூட்டு நச்சுகளை வகைப்படுத்தியபோது, ஒன்றையொன்று சாராமல் வேலை செய்யும் இரண்டு நச்சுகளின் சேர்ந்த விளைவை எப்படி எதிர்பார்ப்பது என்று காட்டினார். முதல் நச்சுக்கு 100க்கு 30 சாகின்றன, இரண்டாவதற்கு 20 சாகின்றன என்றால், சேர்ந்தால் 50 என்று எதிர்பார்க்கக் கூடாது. மீதமிருக்கும் 70இல் 20 சதவீதம் 14, ஆக 44. உங்களுக்கு 48 வந்தால் அது கூட்டு வலிமை. 50ஐ எதிர்பார்த்தவர் அதையே 'பாதுகாப்பு' என்று எழுதிவிடுவார். 'கூடியது', 'குறைந்தது' என்று எழுதும் முன் எதைவிட என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பல கட்டுரைகளில் இது இருப்பதில்லை, அதனாலேயே ஒரே மாதிரி எண்களிலிருந்து எதிரெதிர் முடிவுகள் பிறக்கின்றன.

திசு அளவை மட்டும் வைத்து நச்சைத் தீர்மானிக்கவும் வேண்டாம். காட்மியம் எங்கே அடைபட்டிருக்கிறது என்பது எவ்வளவு இருக்கிறது என்பதைவிடப் பெரிய விஷயம். ஆய்ஸ்டர் பெருமளவு தாமிரத்தையும் துத்தநாகத்தையும் செல்களுக்குள் மூட்டைகட்டி வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கும், சதையே பச்சையாக மாறிய பிறகும். அதே சமயம் மிகக் குறைந்த உலோகம் லைசோசோமின் சவ்வைத் தளர்த்திவிடலாம். சிப்பியின் இரத்த அணுக்களை எடுத்து நியூட்ரல் ரெட் சாயம் ஏற்றி, சாயம் எத்தனை நிமிடத்தில் கசிகிறது என்று பார்க்கும் சோதனையை உங்கள் துறையிலேயே செய்துவிடலாம். நுண்ணோக்கியும் பொறுமையும் போதும். பாதிக்கப்பட்ட அணுவில் சாயம் சீக்கிரம் கசியும். காட்மியம் குறைந்த தொட்டியில் சாயம் வேகமாகக் கசிந்தால், உங்கள் நண்பர்களின் வாக்கியம் அங்கேயே விழுந்துவிடும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வளர்ந்த சிப்பி இல்லை, கரு. வளர்ந்த சிப்பிக்குத் தன் ஓடுகளை மூட முடியும், சளியால் சுருட்ட முடியும், மெட்டல்லோதயோனின் செய்ய நேரம் உண்டு. நீரில் விடப்பட்ட முட்டைக்கு இவற்றில் எதுவும் கிடையாது. 48 மணி நேரத்தில் அது 'டி' எழுத்து வடிவ ஓடு கொண்ட இளம்புழுவாக வேண்டும். லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் அளவிலான தாமிரமே மஸல் கருக்களில் பெருமளவைத் திரிந்த ஓட்டோடு நிறுத்திவிடப் போதும். இதில் நமக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. கப்பலடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாதிருக்கப் பூசிய டிரைபியூட்டைல் டின் சாயம், 1970களின் கடைசியில் பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் ஆய்ஸ்டர் வளர்ப்பையே நிலைகுலைய வைத்தது. வளர்ந்தவை செத்து மிதக்கவில்லை. ஓடு தடித்துத் திரிந்தது, புதிய குஞ்சுகள் வந்து ஒட்டவில்லை. பிரான்ஸ் 1982இல் சிறு படகுகளுக்கு அந்தச் சாயத்தைத் தடைசெய்தது. உலகளாவிய உடன்படிக்கை 2001இல் எழுதப்பட்டு 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் இடத்தைப் பெரும்பாலும் தாமிரச் சாயங்கள் பிடித்தன. இன்று துறைமுக நீரில் அந்தத் தாமிரத்தின் கூடவே, வண்ணப்பூச்சிலிருந்தும் வெயில் காப்புக் களிம்பிலிருந்தும் வரும் டைட்டானியம், துத்தநாக ஆக்சைடு துகள்களும் சேர்கின்றன. ஆகவே உங்கள் தொட்டியில் இருக்கும் கலவை வெறும் பாடப்பயிற்சி இல்லை. வளர்ந்த சிப்பியை நான்கு நாள் பார்த்து 'காக்கிறது' என்று ஒரு வாக்கியம் வெளியே போனால், அதை எடுத்துப் பயன்படுத்த ஆள் இருப்பார்கள். அதனால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

ஆனால் அளவு குறித்தும் நேர்மையாக இருக்க வேண்டும். லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் காட்மியம் என்பது திறந்த கடலில் இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். இயங்குமுறையை அறிய அது சரி. 'கடலில் இப்படித்தான் நடக்கிறது' என்று எழுத அது போதாது. அடுத்த சுற்றில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமை ஒட்டிய அளவையும் 28 நாள் காலத்தையும் சேருங்கள். துகளுக்கும் உலோகத்துக்கும் உள்ள விகிதத்தையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள், ஏனென்றால் துகள் மிகுதியாகவும் உலோகம் சொற்பமாகவும் இருக்கும்போது ஒட்டும் பங்கு வேறு.

வீட்டாருக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். உங்கள் தொட்டியைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம், அது கடலின் அளவல்ல. சிப்பி எங்கே வளர்ந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சிப்பி இடம்பெயராமல் ஓரிடத்து நீரையே வடிகட்டுவதால்தான் 1975இல் கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பர்க், கடலோர மாசை அளக்கச் சிப்பியையே காவலாக வைக்கலாம் என்று முன்மொழிந்தார். அமெரிக்காவில் 1986 முதல் அது தேசியத் திட்டமாக நடக்கிறது. துறைமுகம், கழிவுநீர் வாய், சுரங்கம், உலோகப் பட்டறை ஆகியவற்றின் அருகில் பொறுக்கியது வேண்டாம். கண்காணிக்கப்படும் வளர்ப்பிடத்திலிருந்து வருவது என்றால் அளவோடு சாப்பிடலாம்.

ஒரு கணக்கையும் சொல்லிக் கொடுங்கள். காட்மியத்துக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2010இல் வைத்த எல்லை, உடல் எடை ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு மாதம் 1500. ஐரோப்பிய ஒன்றியம் சிப்பி, மட்டி வகைகளுக்கு அனுமதிக்கும் உச்ச அளவு, கிலோவுக்கு 1 மில்லிகிராம். சரியாக அந்த உச்சத்திலேயே இருக்கும் சதையை ஒரு வேளைக்கு 100 கிராம் சாப்பிட்டால் 100 மைக்ரோகிராம். மாத எல்லையை எட்ட 15 வேளை. ஆனால் தானியத்திலும் கீரையிலும் காட்மியம் உண்டு, புகைபிடிப்பவருக்குப் புகையிலையிலிருந்து மேலும் வரும். அது சிறுநீரகத்தில் பத்துப் பதினைந்து ஆண்டு, அதற்கு மேலும் தங்கும். ஆகவே எப்போதாவது சாப்பிடுவதில் பயமில்லை, தினமும் அதுவே உணவு என்றால் யோசிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இன்னும் குறைத்துக்கொள்வது நல்லது.

வேகவைத்தால் உலோகம் போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. போகாது. ஒரு பகுதி வெந்த நீரில் இறங்கும், அவ்வளவுதான். தூய நீரில் ஓரிரு நாள் விட்டு விற்பனைக்கு அனுப்பும் முறை கிருமியையும் மணலையும் குடலிலுள்ள துகளையும் நீக்கும், திசுவில் அமர்ந்த காட்மியத்தை நீக்காது. அது வெளியேற வாரங்களும் மாதங்களும் ஆகும். நானோ துகளுக்கென்று சிப்பிச் சதையில் எந்த வரம்பும் இதுவரை சர்வதேச உணவுத் தரங்களில் எழுதப்படவில்லை. அந்த வரம்பை எழுத உட்காருபவர்களுக்கு உங்களைப் போன்றவர்களின் ஐந்தொகைதான் தேவைப்படும்.

இப்போதைக்கு ஆய்வேட்டில் இப்படி எழுதலாம்: "இந்த நிலைமைகளில், நான்கு நாள் முடிவில், டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள் உடனிருந்தபோது செவுளில் காட்மியம் குறைவாகவும் செரிமானச் சுரப்பியில் கூடுதலாகவும் காணப்பட்டது. நுழையும் வழி மாறியதா, வடிகட்டும் வேகம் குறைந்ததா, குடலில் தங்கிய துகளா என்பது பிரித்தறியப்படவில்லை." தேர்வாளர் இதைக் குறையாக எடுத்துக்கொள்வார் என்று பயப்படாதீர்கள். அந்தக் கடைசி வரியிலிருந்து அவர் உங்களிடம் நல்ல கேள்விகள் கேட்பார், பதில்கள் உங்களிடம் இருக்கும்.

மீதித் திசுக்களையும் ஓடுகளையும் உறைநிலையில் பத்திரப்படுத்துங்கள், தூக்கிப்போட்டுவிடாதீர்கள். தொட்டிகளைக் கழுவும் முன் சுவரை நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அலசி, அந்த அலசலைத் தனிப் புட்டியில் எடுத்துப் பெயர் எழுதி வையுங்கள். இன்னும் உயிரோடு சிப்பிகள் இருந்தால் இன்றே தூய நீருக்கு மாற்றி, நாளை இதே நேரத்தில் அறுங்கள். எண்கள் வந்ததும் எழுதுங்கள், சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் கடல்சார் நச்சியல் ஆலோசகர்